வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டுரை: 650 வார்த்தையில் எந்தக் கதையைச் சொல்வது?

ஜேஇஇ, நீட், சிஇடி, கட்-ஆஃப். நம் ஊரில் கல்லூரிக் கதவு பெரும்பாலும் எண்ணைக் காட்டினால்தான் திறக்கும். அதனால்தான் அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் "உங்களைப் பற்றி எழுதுங்கள்" என்ற பெட்டி வந்ததும் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. பள்ளியில் பத்து வருஷம் கட்டுரை எழுதியிருக்கிறோம், ஆனால் மார்க்குக்காக 'நான்' என்று எழுதிப் பழகியதில்லை. வீட்டிலும் தன்னைப் பற்றித் தானே பேசினால் தற்பெருமை என்பார்கள்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் வேலை பார்த்துக்கொண்டே எம்எஸ், எம்பிஏவுக்கு முயல்பவராக இருக்கலாம். இன்னும் சிலர், தாணேயிலோ செம்பூரிலோ இருக்கும் தங்கைக்கோ அக்கா பையனுக்கோ கட்டுரையைத் திருத்தித் தரும் 'வீட்டு எடிட்டர்'. ரெண்டு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: எதைப் பற்றி எழுதுறது?

என்ன கேட்கிறார்கள்?

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் ஒரு கட்டுரை, 250 முதல் 650 வார்த்தை. ஏழு கேள்விகளில் ஒன்றுக்கு எழுதினால் போதும். ஏழாவது கேள்வியே 'உங்களுக்குப் பிடித்த எந்தத் தலைப்பும்' என்பதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகம் (பெர்க்லி, யுசிஎல்ஏ எல்லாம் இதில் அடக்கம்) எட்டுக் கேள்விகளில் நான்கிற்கு, தலா 350 வார்த்தைக்குள் பதில் கேட்கிறது.

பிரிட்டன் கதை வேறு. யுகாஸ் விண்ணப்பத்தின் 4,000 எழுத்துகள், 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மூன்றும் நீங்கள் படிக்கப்போகும் பாடத்தைச் சுற்றியே வரும். பாட்டி கதையை அங்கே அனுப்பாதீர்கள். எம்எஸ் போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கும் முதலில் பார்ப்பது 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்', அதாவது என்ன படிக்கப்போகிறீர்கள், ஏன் என்பதை. பெர்க்லி மாதிரி சில இடங்களில் உங்கள் வாழ்க்கைப் பின்னணி பற்றி இரண்டாவதாக ஒரு கட்டுரையும் உண்டு. ரெண்டிலும் ஒரே கதையைப் போட்டால் ஒரு வாய்ப்பு வீண்.

மார்க் போதாதா, கதை எதற்கு?

இந்த வழக்கத்தின் பிறப்பு அவ்வளவு அழகானதில்லை. 1920களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூத மாணவர்கள். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் அவர்களைத் தடுக்க முடியாது. அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் காலத்தில் 'குணநலன்', 'ஆளுமை' என்ற அளவுகோல்கள் முன்னுக்கு வந்தன. ஜெரோம் கராபெல் என்ற சமூகவியலாளர் 2005இல் வெளியிட்ட 'தி சோசன்' புத்தகத்தில் இதை ஆவணங்களோடு விரிவாக எழுதியிருக்கிறார். வெளியே தள்ளப் பயன்பட்ட அதே கருவிதான், பிறகு வாய்ப்பில்லாதவர்களை உள்ளே கொண்டுவரவும் பயன்பட்டது.

ஆனால் கட்டுரை, மதிப்பெண்ணைவிட நியாயமானது என்று நம்பிவிடாதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளைக் கணினி வழியாக ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், 2021இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். குடும்ப வருமானத்தோடு எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கு இருக்கும் தொடர்பைவிட, கட்டுரையின் உள்ளடக்கத்துக்கு இருந்த தொடர்பு வலுவானது. என்ன தலைப்பு எடுக்கிறோம் என்பதிலேயே வீட்டு வருமானம் தெரிந்துவிடுகிறது என்றே இதை நான் படிக்கிறேன்.

தாராவியை விற்கணுமா?

மும்பைத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் கூர்மையானது. 'ஸ்லம்டாக் மில்லியனர்' எட்டு ஆஸ்கர் வாங்கியதிலிருந்து தாராவி என்றாலே வெளிநாட்டு வாசகர் மனதில் ஒரு படம் தயாராக இருக்கிறது. அதை வைத்து இரண்டு வகைக் கட்டுரை பிறக்கிறது. ஒன்று செம்பூர், மாட்டுங்கா, தாணே அபார்ட்மென்ட் பிள்ளை எழுதுவது: சனிக்கிழமை தாராவிக்குப் போய்ப் பாடம் எடுத்தேன், அந்தக் குழந்தைகளின் சிரிப்பு எனக்கு வாழ்க்கையைக் கற்றுத்தந்தது. வெளிப்படையாகச் சொன்னால், இதை விட்டுவிடுங்கள். அதில் அந்தக் குழந்தைகளும் இல்லை, நீங்களும் இல்லை.

இன்னொன்று, அங்கேயே வளர்ந்த பிள்ளை எழுதுவது. பத்துக்குப் பத்து அறை, பொதுக் கழிப்பறை வரிசை, மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர். எல்லாம் உண்மை. ஆனாலும் 'எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு நல்லது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கஷ்டத்தைக் காட்ட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. எழுதுவதாக இருந்தால், அதில் யோசிப்பவர் நீங்களாக இருக்கணும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். விடியும் முன்பே இட்லி அவித்து, மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்கும் தமிழ்க் குடும்பங்கள் தாராவியில் உண்டு. அப்படி ஒரு வீட்டு மகள் "அப்பா மூணு மணிக்கு எழுந்து எங்களைப் படிக்க வைத்தார்" என்று எழுதினால், படிப்பவர் அப்பாவுக்குத்தான் சீட்டு தருவார். அதே மகள், மழை நாளில் எத்தனை இட்லி மிஞ்சும் என்று இரண்டு வருஷம் நோட்டில் குறித்து, மாவின் அளவை மாற்றச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டு, பாதி நாள் தன் கணக்கு ஏன் தப்பியது என்று எழுதினால்? வறுமை அப்போதும் பக்கத்தில் இருக்கும். ஆனால் நம் கண்ணில் படுவது அவள் மூளை.

பெரிய சம்பவமே இல்லையென்றாலும் பரவாயில்லை. 2016இல் ஒரு அமெரிக்க மாணவி, சிறு வயதிலிருந்து காஸ்ட்கோ மொத்த விற்பனைக் கடைக்குப் போனதைப் பற்றி எழுதினார். ஸ்டான்ஃபோர்டும் ஐந்து ஐவி லீக் கல்லூரிகளும் இடம் கொடுத்தன. மார்க்கும் இருந்திருக்கும், கட்டுரை மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்குப் போன கதை அவரைக் கீழே இழுக்கவில்லை.

தலைப்பைச் சோதிக்க எனக்குத் தெரிந்த எளிய வழி இது: உங்கள் பெயரை எடுத்துவிட்டு மாமா பையன் பெயரைப் போடுங்கள். அப்பவும் கட்டுரை பொருந்தினால் அது உங்களுடையது இல்லை. ஃபில்டர் காபி, பொங்கல், பரதநாட்டிய அரங்கேற்றம் முக்கால்வாசி இங்கேதான் விழும். 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான சேர்க்கையை ரத்து செய்தது. அதே தீர்ப்பு, தன் வாழ்க்கையை இனம் எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றும் சொன்னது. அதன்பிறகு பின்னணி, அடையாளம் பற்றிய கேள்விகளைப் பல கல்லூரிகள் சேர்த்தன. அங்கே பண்டிகைப் பட்டியல் வேண்டாம். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளியில் மராத்தி, லோக்கல் டிரெயினில் இந்தி. எந்த மொழியில் நீங்கள் தைரியசாலி, எதில் வாயே திறக்கமாட்டீர்கள்? அது அடையாளம். சாதி பற்றி எழுதுகிறீர்களா? எழுதலாம். படிப்பவருக்கு அது தெரியாது என்று வைத்துக்கொண்டு இரண்டு வரியில் விளக்கிவிட்டு, உங்கள் அனுபவத்துக்கு வந்துவிடுங்கள்.

கொஞ்சம் கூட்டி எழுதினால்?

2024இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையுடன் படித்த 19 வயது இந்திய மாணவர் கைதானார். உயிரோடு இருந்த அப்பா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் கொடுத்திருந்தார். ரெட்டிட்டில் பெயர் சொல்லாமல் அவரே எழுதிய பதிவுதான் காட்டிக்கொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஊர் திரும்பினார். இது உச்சம்தான். ஆனால் இல்லாத சோகத்தைக் கட்டுரையில் சேர்ப்பதும் அதே தெருவில்தான் தொடங்குகிறது. விண்ணப்பத்தின் கடைசியில் 'எல்லாம் உண்மை' என்று நீங்கள் கையெழுத்திடுகிறீர்கள்.

சாட்ஜிபிடி? தலைப்பை அலசக் கேளுங்கள், தப்பில்லை. எழுதச் சொன்னால் வேறு பிரச்சினை. அதே கலிபோர்னியா கட்டுரைகளை ஏஐ எழுதியவற்றோடு ஒப்பிட்ட 2024 ஆய்வில், ஏஐயின் நடை, வசதியான பின்னணி கொண்ட ஆண் மாணவர்களின் நடைக்கே அதிகம் நெருங்கியிருந்தது. தாணே பிள்ளையின் குரல் அதில் முதலிலேயே காணாமல் போகும்.

வீட்டு விஷயத்தை எழுதினால், அனுப்பும் முன் வீட்டில் காட்டிவிடுங்கள். அப்பாவின் கடன், குடி, அம்மாவின் நோய் எல்லாம் அவர்களுடைய கதையும்கூட. வேண்டாம் என்றால் வேறு தலைப்பு தேட நேரம் வேண்டும். காமன் ஆப் ஆகஸ்ட் 1இல் திறக்கும், பல கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்கு நவம்பர் 1 கடைசி நாள். கணபதி விசர்ஜனத்துக்குள் தலைப்பு முடிவாகிவிட்டால் நிம்மதி. முதல் வரைவை ஆங்கிலத்தில் தொடங்கவே வேண்டாம். நண்பனுக்கு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் அனுப்புகிற மாதிரி, வீட்டில் பேசும் தமிழிலேயே ஐந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது எங்கே குரல் வேகமெடுக்கிறதோ, அந்த இடத்திலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.