பெங்களூரு உயர்கல்வி நிலையங்களில் கத்தோலிக்க மாணவர் பணி

கல்லூரி, பல்கலைக்கழக மாணவரின் விசுவாச வாழ்வைப் பேணுவதற்காகக் கத்தோலிக்கத் திருச்சபை மேற்கொள்ளும் பணி மாணவர் பணி எனப்படும். திருப்பலி, ஒப்புரவு அருட்சாதனம், தியானம், விவிலியப் படிப்பு, கலந்துரையாடல், சமூகச் சேவை ஆகியவை இதில் அடங்கும். பெங்களூருவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கத்தோலிக்கக் கல்லூரி மதிலுக்குள் தொடங்கிய இப்பணி, காலப்போக்கில் சமயச் சார்பற்ற கல்வி நிலையங்களின் மாணவரையும் நாடிச் சென்றது. கட்டாயம் விலகிவிட்டால் இளைஞரின் விசுவாசம் பட்டுப்போகும் என்ற அச்சத்தை இந்த வரலாறு பொய்யாக்குகிறது. தானே விரும்பிச் சேரும் ஒரு தோழமைக் குழுவும், கேள்விகளுக்கு அஞ்சாத ஒரு வழிகாட்டியும் வாய்த்தால் விசுவாசம் வெளியுலகிலும் வேரூன்றும் என்பதற்கு இதுவே சான்று.

பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் 1882-இல் நிறுவிய புனித சூசையப்பர் கல்லூரி 1937-இல் இயேசு சபையிடம் வந்தது. பெண்களுக்கான மவுண்ட் கார்மல் கல்லூரி 1948-இல் தோன்றியது. இத்தகைய கல்லூரிகளில் மறைக்கல்வி வகுப்பு, ஆண்டுத் தியானம், சிற்றாலயம் எல்லாம் மாணவருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. 1563-இல் ரோமை நகர இயேசு சபைக் கல்லூரியில் பிறந்த மரியாயின் சபையே மாணவர் பக்திக் குழுக்களுக்கு நெடுங்காலம் முன்மாதிரி. ஆனால் 1858-இல் தொடங்கிய சென்ட்ரல் கல்லூரியிலோ, 1909-இல் நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகத்திலோ பயின்ற கத்தோலிக்கருக்குக் கல்லூரி வழியாக இந்த ஏற்பாடு கிடைக்கவில்லை. பங்கு ஆலயமே அவர்களுக்குத் துணை. கல்லூரி நிர்வாகத்தை நம்பிய பணி, அந்த நிர்வாகம் இல்லாத இடத்தை எட்டவில்லை. மாணவரே நடத்தும் இயக்கம் தேவைப்பட்டது அதனால்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1893-இல் தோன்றிய கத்தோலிக்க மாணவர் குழுவான நியூமன் மன்றமும், 1921-இல் சுவிட்சர்லாந்தில் உருவான பன்னாட்டுக் கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்பான பாக்ஸ் ரொமானாவும் இதே தேவையிலிருந்து பிறந்தவை. இந்தியாவில் 1924-இல் இயேசு சபைக் குரு கார்ட்டி தொடங்கிய அனைத்திந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு, அதாவது அய்க்கஃப், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பிற மாநிலங்களுக்கும் பரவியது. அதன் ஆன்ம குருவாக இருந்த பியேர் செராக் மாணவரை ஏழைகளின் குடியிருப்புகளுக்கும் கிராமப் பணி முகாம்களுக்கும் அழைத்துச் சென்றார். 1970-களில் அய்க்கஃப் நீதியான சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. ஜெபம் குறைந்து அரசியல் மிகுந்துவிட்டது என்ற குறை அப்போது எழுந்தது. சேவை ஜெபத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் மாணவர் குழு வெறும் தொண்டு நிறுவனமாகிவிடும். அந்த அளவில் அக்குறை நியாயமானது. ஆயினும் சாதியையும் வறுமையையும் நாள்தோறும் காணும் மாணவனிடம், அவற்றைப் பற்றி வாய் திறக்காத சமயம் நெடுநாள் நிலைக்காது. நற்கருணையும் நீதியும் ஒன்றையொன்று தாங்கும்போதுதான் இரண்டுமே அவனுக்கு உண்மையாகின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கம் சாராத பல்கலைக்கழகங்களிலும் மாணவர் மையங்கள் அமைக்குமாறு மேய்ப்பர்களைக் கேட்டுக்கொண்டது. சங்கத்தின் சிந்தனையை இந்திய மண்ணில் பரப்பப் பெங்களூருவில் 1967-இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கியவர் தமிழரான து. சை. அமலோர்பவதாஸ். பின்னர் அவர் அரசுப் பல்கலைக்கழகமான மைசூர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவவியல் துறையின் முதல் தலைவரானார். பொதுப் பல்கலைக்கழகத்தில் சமயத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் நிலையத்தில் சமயப் போதனையை அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு தடுக்கிறது. அரசு ஏற்பு அல்லது உதவி பெற்ற பிற நிலையங்களிலும் ஒப்புதலின்றி அதை எவர்மீதும் திணிக்கக்கூடாது என்கிறது. 25-ஆம் பிரிவோ மனச்சாட்சி உரிமையை அனைவருக்கும் அளிக்கிறது. வகுப்பறையில் சமயத்தை ஆய்ந்து கற்பதும், வகுப்புக்கு வெளியே விரும்பியவர் கூடி ஜெபிப்பதும் திணிப்பாகா. மாணவர் பணி இந்த எல்லையை மதிப்பது சட்டத்துக்காக மட்டுமன்று. விசுவாசம் சுதந்திரமான பதில் என்று திருச்சபையே கற்பிக்கிறது.

1964-இல் பெங்களூர் பல்கலைக்கழகம் உருவான பின் நகரில் உயர்கல்வி பெருகியது. 1969-இல் கத்தோலிக்கக் கல்லூரியாகத் தொடங்கிய கிறைஸ்ட் 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. புனித சூசையப்பர் கல்லூரியும் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. இவற்றிலும் பல சமய மாணவர்களே கலந்து பயில்வதால், கத்தோலிக்க நிலையம், பொது நிலையம் என்ற பழைய வேறுபாடு மாணவரின் அன்றாடத்தில் மங்கிவிட்டது. தமிழகம், கேரளம், கோவா, வடகிழக்கு என எங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கும் மாணவருக்கு ஊர்ப் பங்கின் கட்டுப்பாடு இல்லை. பெற்றோரின் கண்காணிப்பும் இல்லை. தமிழ், கன்னடம், ஆங்கிலம், மலையாளம், கொங்கணி எனப் பல மொழிகளில் நகரில் திருப்பலி நடந்தாலும், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் குழு ஒன்று கிடைக்காதவர் மெல்ல விலகிப்போவது எளிது. ஆகவே இப்பணியை ஆலயத்துக்கு வருவோரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கலாகாது. அறிவியலும் தத்துவமும் எழுப்பும் ஐயங்களை மாணவர் மறைக்காமல் பேச முடிகிறதா, பிற சமயத் தோழரோடு நட்பாகவும் தம் விசுவாசத்தில் தெளிவாகவும் வாழ முடிகிறதா என்பவையே சரியான அளவுகோல்கள். இவற்றுக்காகப் பயிற்சி பெற்ற குருக்களையும் துறவியரையும் பொதுநிலையினரையும் முழுநேரமாக ஒதுக்குவது திருச்சபையின் கடமை. தம் குழுவைத் தாமே நடத்தும் பொறுப்பு மாணவருடையது.