பிழைத்த தாயை யார் விசாரிப்பது?



ஜொகூர் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் லயத்து மருத்துவச்சியே பிள்ளைப்பேறு பார்த்தார். நம் மொழி பேசுவார். பிள்ளைத்தாய்ச்சியின் குணமும் அறிவார். ஆனால் உதிரப்போக்கோ வலிப்போ வந்துவிட்டால் கைப்பக்குவம் மட்டும் போதாது. 1950இல் மலாயாவில் இலட்சம் பிறப்புக்கு 500க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர்.

1966ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சிகளைப் பதிவேட்டில் சேர்த்தது. பயிற்சி பெற்ற தாதியர் பெருகினர். 1991இல் அந்த எண் 44. அவ்வாண்டு முதல், தாய் ஒருத்தி இறந்தால் காரணம் இரகசியமாக ஆராயப்படுகிறது. தண்டிக்க அல்ல, திருத்திக்கொள்ள. அருமையான ஏற்பாடுதான்.

பிழைத்த தாயை யார் விசாரிப்பது? மலாய் சரளமாக வராத நம் பெண், "இந்த ஊசி எதற்கு?" என்று கேட்க அஞ்சித் தலையாட்டியிருப்பாள். பதிவேட்டிலோ அது சுகப்பிரசவம்!

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தாய்மாரையே கலந்து 14 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கி, 2017இல் வெளியிட்டார்கள். கவனித்தவர் அவசரப்பட்டதால் கேட்காமல் விட்டீர்களா? வேண்டாம் என்று சொல்ல முடிந்ததா? இனத்தாலோ மொழியாலோ உங்களைக் குறைவாக நடத்தினார்களா? இப்படிப் போகின்றன அவை.

இங்கே அவற்றைக் கேட்பதானால் தமிழிலும் கேட்க வேண்டும். தாய் வீடு திரும்பிய பிறகு, தாதி பக்கத்தில் இல்லாதபோது.