உமி, உமிக்காந்தல், உமிக்கரி

நெல்மணியைப் போர்த்திருக்கும் தோட்டுக்கு உமி என்று பெயர். ஈரெழுத்தாலான இச்சொல் மலையாளத்தில் சிறிதும் மாறாமல் உமியாகவே நிற்கிறது. தெலுங்கில் ஊக என்று உருமாறி வழங்குகிறது. தெலுங்கு, தமிழினின்றும் மலையாளம் பிரிவதற்கு நெடுங்காலம் முன்னரே தன் வழியே சென்றுவிட்ட மொழியாதலால், இம்மூன்றிலும் ஒரே சொல் எஞ்சியிருப்பதைக் காணும்போது, திராவிட மக்கள் ஒரே மொழி பேசிய புராதன காலத்திலேயே தானியம் குத்தியவர் நாவில் இது வழங்கியிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமிருக்கிறது. அந்த ஆதிகாலத்து உமி நெல்லின் உமியாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. கம்பு, தினை, சாமை, வரகு ஆகியவற்றின் மேல்தோலுக்கும் உமி என்பதே பெயர். கொங்கு நாட்டு மேட்டுக்காடுகளில், நெல்லுச்சோறு நோம்பி நாளுக்கும் விருந்து நாளுக்கும் உரிய விசேஷ உணவாக இருந்த தலைமுறைகளில், உலக்கையடியில் பிரிந்த உமியில் பெரும்பகுதி இப்புன்செய்த் தானியங்களின் உமியே. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலும், கொடிவேரியினின்று பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் பாயும் வயல்களில்தான் நெல்லுமி மிகுதி. 1950-களில் கீழ்பவானி நீர் வந்த பின்னரே அது மற்ற ஊர்களுக்கும் பரவியது.

உமிழ்தல் என்பதற்கு உமிதல் என்றும் ஒரு வடிவம் உண்டு. ஆதலால் மெல்லுங்கால் வாயினின்று துப்பப்படுவது உமியாயிற்று என்று சிலர் பொருள் காண்பர். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும் பர்ரோவும் எமெனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இவ்விரு சொற்களையும் வெவ்வேறு தலைப்புகளில் வைத்திருக்கிறது. ஓசை ஒற்றுமை ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு அவற்றை ஒரு வேரில் ஒட்டுவது துணிவாகும்.

உமியின் இனச்சொற்களைக் கவனித்தால், நெல்லோடு பழகியவர் எத்துணை நுட்பமாகப் பொருள்களைப் பிரித்தறிந்தனர் என்பது விளங்கும். உள்ளீடு இல்லாதது பதர். பால் முற்றாமல் நின்றது கருக்காய். அரிசியின்மேல் ஒட்டிய மெல்லிய தோல் தவிடு, கொங்கு வழக்கில் தவுடு. உடைந்த அரிசி குருணை. அதனினும் சிறிது நொய். இவற்றைப் பிரிக்கும் தொழில்களும் அவ்வாறே பலவாம்: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல் என்று முறத்தின் அசைவு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. உமி வேறு, தவிடு வேறு என்பது அன்றைய இல்லத்தரசிக்குக் கைப்பழக்கத்தாலேயே தெரிந்த உண்மை. உமி அடுப்புக்குப் போகும், தவிடு மாட்டுத் தாழிக்குப் போகும்.

நகத்தால் ஒரு நெல்மணியைப் பிளந்து பார்ப்பின், உமி என்பது ஒரே தோல் அன்று, பெரிதும் சிறிதுமாகிய இரண்டு தோணி வடிவத் தகடுகள் விளிம்போடு விளிம்பு கவ்விக்கொண்ட அமைப்பு என்பது தெரியவரும். நீளவாட்டில் நரம்புகள் ஓடுகின்றன; புறத்தே சிறு மயிர்கள் அடர்ந்திருக்கின்றன; விரலால் எதிர்முகமாக நீவினால் சொரசொரப்புத் தட்டுகிறது. பயிரானது வேர்வழியே நீரோடு உறிஞ்சும் மணற்சத்து, அதாவது சிலிக்கா, தாளிலும் இலையிலும் தங்கியதுபோக, மிகுதியாக வந்து படிவது இத்தோட்டில்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அரிசி எளிதில் இரையாகாமல் காப்பது இக்கவசமே. மாட்டின் வயிற்றுக்கு அது ஒவ்வாமையும், மண்ணில் புதைத்தாலும் விரைவில் மக்காமையும் இக்காரணத்தாலேயே.

இங்ஙனம் அரிசியைக் காத்துக் கொடுத்த பொருளுக்கு உலகவழக்கில் கிடைத்த மரியாதை மிகக் குறைவு. உமி குத்திக் கை சலித்தல் என்றால் பயனற்ற உழைப்பு. நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்னலாம் என்பது வஞ்சகக் கூட்டாளியைப் பற்றிய பழமொழி. நற்பொருளிலும் ஒரு குறை இருக்கும் என்பதற்கு நாலடியார் நெல்லின் உமியை எடுத்துக்காட்டிற்று. உயிரை அநாதியாகப் பற்றிய மலத்துக்கு உமியைத் திருஷ்டாந்தமாகக் கூறுவது சைவ சித்தாந்திகளின் மரபு. உமியின் பக்ஷத்தில் பேசிய குரல் மூதுரையினுடையது: முளைப்பது அரிசியே ஆயினும் உமி நீங்கினால் முளையாது என்று அந்நூல் நினைவூட்டுகிறது.

ஆனால் ஒரு பொருளின் உண்மையான மதிப்பை அறியப் பழமொழியைவிடத் தொகைச்சொற்களே நம்பத்தக்க சாட்சிகள். பயன்படாத பொருளுக்கு எவரும் தொழில்சார்ந்த பெயர்களை ஆக்கிக்கொண்டிருப்பதில்லை. உமிக்காந்தல், உமியோடு, உமிக்கரி, உமிச்சாம்பல் என்னும் இச்சொற்கள், உமி நம் முன்னோரிடத்து ஒருநாளும் குப்பையாக இருந்ததில்லை என்பதற்குச் சான்று பகர்கின்றன.

உமிக்காந்தல் என்பது சுவாலை இல்லாமல் உள்ளுக்குள் கனலும் உமித்தீ. காந்துதல் என்ற வினை வயிற்றெரிச்சலுக்கும் புண்ணின் எரிவுக்கும் மனத்துப் புழுக்கத்துக்கும் வழங்குவது. அதை உமித்தீக்கு இட்டவர் நன்கு கவனித்தே இட்டிருக்கின்றனர். உமி எரியும்போது அதன் சிலிக்காச் சட்டகம் குலையாமல் நிற்பதால் குவியலின் உள்ளே காற்று சிறிது சிறிதாகவே புகுகிறது. நெருப்பும் நெடுநேரம் நின்று நிதானமாகப் பரவுகிறது. உமித்தீயில் நீறுதல் என்பது மலையாளத்தில் இன்றும் தீராத மனவேதனையைக் குறிக்கும் தொடர். வடமொழியில் உமிக்குத் துஷம் என்றும், உமித்தீக்குத் துஷாக்னி என்றும் பெயர். மீமாம்ச ஆசாரியராகிய குமாரில பட்டர் பிராயச்சித்தமாகத் துஷாக்னிப் பிரவேசம் செய்தார் என்று சங்கர விஜய நூல்கள் கூறுகின்றன. அங்ஙனம் கொடிய தண்டனையாக நின்ற அதே நெருப்பு, பொற்கொல்லரின் உமியோட்டில் சாதுவான பணியாளாகிறது. உடைந்த பானையின் ஓட்டில் உமியை நிரப்பித் தணலிட்டு, ஊதுகுழலால் வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு உஷ்ணத்தை எழுப்பிப் பற்றுவைக்கும் அவ்வேலைக்கு, திடீரென்று மூண்டு திடீரென்று அவியும் நெருப்பு உதவாது.

உமிக்கரி செய்வதற்கும் ஒரு பக்குவம் உண்டு. உமியைக் குவித்து நடுவே தணலை வைத்தால், கருமை உள்ளிருந்து மேல்நோக்கி மெல்லப் பரவி வரும்; குவியலின் மேற்புறமும் கறுத்து, சாம்பல் நிறம் தலைகாட்டத் தொடங்குமுன் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கரி வெந்து சாம்பலாகிவிடும். இக்கரியை உப்போடு பொடித்துப் பல் துலக்கினர். பித்தளைப் பாத்திரம் துலக்கினர். அதில் உள்ள சிலிக்கா அழுக்கோடு பல்லின் மேற்பூச்சையும் தேய்க்கும் என்பதை இன்றைய வைத்தியர் எச்சரிப்பது நியாயமே. வார்ப்புத் தொழிலில் இதன் உபயோகம் பழமையானது. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், மெழுகு உருவத்தின்மேல் பூசும் களிமண்ணில் கரித்த உமியும் பஞ்சும் உப்பும் சேர்க்குமாறு விதிக்கிறது. உருகிய உலோகம் பாயும்போது எழும் ஆவி வெளியேற நுண்துளை வேண்டும். அச்சு வெடியாமலும் இருக்க வேண்டும். உமிக்கரி இரண்டுக்கும் துணை செய்தது. பம்புகளுக்கும் யந்திரங்களுக்கும் உறுப்பு வார்க்கும் ஊராகிய கோயம்புத்தூருக்கு இந்த விதியின் நியாயத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

உமியின் சரித்திரத்தில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியது யந்திரம். பிரேசில் நாட்டு எங்கல்பர்க் 1880-களில் வகுத்த, உமி நீக்கும் ஹல்லர் யந்திரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் ஊர்களை வந்தடைந்தது. 1932-இல் பைக்காராவில் மின் உற்பத்தி தொடங்கியபின் கொங்கு நாட்டில் யந்திரத் தொழில்களுக்கு ஒரு புது வேகம் பிறந்தது. ஹல்லர் உமியையும் தவிட்டையும் ஒரே அறையில் உராய்ந்து கலந்து வெளியே தள்ளியது. முறம் பிரித்து வைத்தவற்றை யந்திரம் ஒன்றாக்கவே, உமித்தவிடு என்ற கூட்டுச்சொல் வழக்கில் ஊன்றியது. அது மாட்டுக்கு நல்ல தீனியும் அன்று, அடுப்புக்கு நல்ல எரிபொருளும் அன்று. தஞ்சாவூரில் பிறந்து, 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்திய ஜே. சி. குமரப்பா, தீட்டிய அரிசியைக் கண்டித்துக் கைக்குத்தலுக்காக வாதாடியது பிரசித்தம். தவிட்டோடு போகும் ஜீவசத்தே அவருடைய முதற்கவலை. பின்னர் ரப்பர் உருளைகளுக்கிடையே நெல்லை நெரித்து உமியை மட்டும் உரிக்கும் யந்திரங்கள் பரவியபோது, உமியும் தவிடும் மறுபடி பிரிந்தன. தவிடு எண்ணெய்க்குப் போயிற்று. உமி தனியே, சுத்தமாக, மலைபோல் குவிந்தது.

இக்குவியலைக் காணக் காங்கயம் செல்ல வேண்டும். அரிசி ஆலைகள் செறிந்த அவ்வூருக்கு அயல்மாவட்டங்களிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் நெல் வந்து, ஊறி, வெந்து, புழுங்கல் அரிசியாகத் திரும்புகிறது. உமியைக் கழிவு என்று சொல்லும் வழக்கம் இத்தகைய ஆலைகளின் காலத்தில் பிறந்தது. வீட்டுக்கு ஒரு கூடை உமி வந்தபோது யாரும் அதைக் கழிவு என்றதில்லை. ஓரிடத்தில் லோடு லோடாகச் சேர்ந்தபோதே அச்சொல் வேண்டியதாயிற்று.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா. ஒரு கிலோ உமி தரும் உஷ்ணம் 3,000 முதல் 3,500 கிலோ கலோரி வரை; நல்ல நிலக்கரியில் பாதி என்று கொள்ளலாம். நெல் அவிப்பதற்கும் உலர்த்துவதற்கும் வேண்டிய நீராவியை ஆலையின் பாய்லர் தன் உமியைக்கொண்டே உண்டாக்கிக்கொள்கிறது. ஆலைக்குப் போக மிஞ்சிய உமி செங்கல் சூளைக்குப் போகிறது. பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் தரையில் பரப்பப்பட்டு, எச்சத்தை உறிஞ்சி, கோழியெருவாக வயலுக்கே மீள்கிறது. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்துத் தம்குகா கிராமத்தில் 2007-இல் உமியை வாயுவாக்கி அதனால் மின்சாரம் எடுத்து வீடுகளுக்கு வழங்கினர். அவ்வகை வாயுவோடு வரும் தார் இஞ்சினை அடைத்துக்கொள்ளுமாதலால், வாயுவைச் சுத்தம் செய்வதே அத்தொழிலின் பெருங்கஷ்டம்.

இனிச் சாம்பலைப் பற்றி. எரியும் உஷ்ணம் ஏறத்தாழ 700 டிகிரிக்கு உட்பட்டு நின்றால் சிலிக்கா உருவமற்ற நிலையில் இருக்கும். அத்தகைய சாம்பல் சுண்ணாம்போடு கூடி இறுகும் இயல்புடையது, சிமென்டில் ஒரு பகுதிக்கு ஈடாக நிற்கும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் பி. கே. மேத்தா செய்த ஆராய்ச்சிகள் இதை உலகறியச் செய்தன. உஷ்ணம் மிக ஏறினால் சிலிக்கா படிகமாகிவிடும். அப்போது சிமென்டுக்குப் பயன் குறைவு, அதன் தூசு சுவாசகோசத்துக்கும் கேடு. ஆயினும் உருக்காலைகளில் கொதிக்கும் எஃகின்மேல் தூவி வெப்பம் போகாமல் காக்க அது உதவும். சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாகக் குட்இயர் நிறுவனம் 2014-இல் அறிவித்தது. அரைகுறையாக எரிந்த கருஞ்சாம்பலில் கரி மிகுதி. எளிதில் விலைபோகாமல் காற்றில் பறந்து, கொடியில் உலரும் துணியிலும் குடிநீர்த் தொட்டியிலும் படிந்து அயலார் வசையை வாங்குவதும் பெரும்பாலும் அதுவே.

கரியாக அணைப்பதா, சாம்பலாக விடுவதா என்று குவியலின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்த பழைய கைக்கும், பாய்லரின் வெப்பமானியைப் பார்க்கும் இன்றைய கண்ணுக்கும் வேலை ஒன்றே. நெருப்பை எங்கே நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே உமி விலைப்பொருளாவதும் தொல்லையாவதும். ஆகவே புதிதாகப் பாய்லர் அமைப்பவர் நீராவிக் கணக்கோடு சாம்பலின் கணக்கையும் முதலிலேயே சேர்த்துப் போட்டுக்கொள்வது உசிதம். எரித்து முடித்தபின் வாங்குவோரைத் தேடுவதில் லாபம் இல்லை. அரிசி ஆலைகள் காங்கயத்திலும், வார்ப்படச் சாலைகள் கோயம்புத்தூரிலும், 1912 முதல் நெல் ஆராய்ச்சி நடந்துவரும் நிலையம் அதே நகரத்து வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இருக்க, இவற்றுக்கிடையே சில மணி நேரப் பயணத் தொலைவே உள்ள கொங்கு நாட்டில், இந்தக் கணக்கைச் சேர்ந்து போடுவதற்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை.