கதவில் ஒட்டியதும் வாசலுக்கு வந்ததும்

1905ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாஷிங்டன் கவுண்டி. ஹேகர்ஸ்டவுன் நகரத்திலிருந்து இரட்டைக் குதிரை பூட்டிய கறுப்பு வண்டி ஒன்று பண்ணை வீடுகளைப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்ட ஒரு விவசாயி வேகமாக எதிரே வந்து, இங்கே நிறுத்தாதே, பிண வண்டிக்கு இங்கே வேலை இல்லை என்று கத்தினார். வண்டிக்குள் இருந்தவை புத்தகங்கள். கவுண்டி நூலகத்தின் நூலகர் மேரி டிட்கோம்ப், சலவைக்காரர் வண்டி மாதிரித் தெரிந்துவிடக் கூடாதே என்று பளபளப்பில்லாத, கண்ணியமான நிறமாகப் பார்த்து அடிக்கச் சொல்லியிருந்தார். கண்ணியம் சற்று மிஞ்சிப் போயிற்று. உடனே சக்கரங்களுக்கும் கதவுப் பலகைகளுக்கும் சிவப்பு பூசினார்கள். இந்தச் சம்பவத்தை டிட்கோம்ப்பே பின்னாளில் சிரித்தபடி எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம். நாடு முழுவதும் 3,000க்கு மேல் இருக்கின்றன. நிலப் பத்திரம், சொத்து வரி, தேர்தல், கிராமச் சாலை, பொதுச் சுகாதாரம், சிறை, ஷெரிஃப் என்று குடிமக்கள் அன்றாடம் உரசிப் போகும் அரசாங்கம் பெரும்பாலான மாநிலங்களில் அதுதான். ஆனால் அதன் தலைமையில் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த குழு ஒன்று ஆள்கிறது. ஓட்டுப் போட்டவர்களுக்கு இன்னது செய்கிறோம், இன்ன நாளில் கூடுகிறோம் என்று சொல்லித்தான் தீர வேண்டும். எப்படிச் சொல்வது என்பதில் கவுண்டிகளுக்கு ஆரம்பம் முதலே இரண்டு வழக்கங்கள் உண்டு. ஓரிடத்தில் ஒட்டிவிட்டு, வந்து படித்துக்கொள் என்பது ஒன்று. ஆளை அனுப்புவது இன்னொன்று. சட்டம் எப்போதும் முதலாவதையே நம்பியிருக்கிறது. மக்களிடம் எடுபட்டது பெரும்பாலும் இரண்டாவது.

ஒட்டுகிற வழக்கம்தான் மூத்தது. வர்ஜீனியா காலனி 1634இல் இங்கிலாந்துப் பாணியில் எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டது. அவையே அங்கே கவுண்டிகளின் தொடக்கம். கவுண்டிக்கு ஒரு நீதிமன்றம், நீதிமன்றம் கூடுவதற்கு ஒரு நாள். வழக்கு இருப்பவன் மட்டும் அன்று வரவில்லை. குதிரை விற்பவன், கடன் கேட்பவன், சாராயம் குடிப்பவன், சும்மா வேடிக்கை பார்ப்பவன் எல்லோரும் வந்தார்கள். கூட்டம் கூடிய இடத்தில் அரசாங்கச் செய்தியும் காதில் விழுந்தது. நீதிமன்றக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது, எழுத்தறியாதவருக்கு வாசித்தும் காட்டப்பட்டது. கென்டக்கி மாநிலம் மவுண்ட் ஸ்டெர்லிங்கில் அக்டோபர் மாதம் இன்றும் ‘கோர்ட் டே’ நடக்கிறது. வழக்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. சந்தை மட்டும் மிச்சம்.

டெக்சாஸில் கதவும் மிச்சம். அங்கே வீட்டுக் கடன் கட்டத் தவறியவரின் சொத்து, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் கவுண்டி நீதிமன்ற வளாகத்தில் ஏலம் போகும். 21 நாள் முன்னதாக நீதிமன்ற வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். கைபேசிக் காலத்திலும் அந்தக் காகிதம் அங்கே ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

மக்கள் மேற்கே பரவப் பரவ, நீதிமன்றக் கதவு பல மைல் தள்ளிப் போயிற்று. அந்த இடத்தில் செய்தித்தாள் வந்து உட்கார்ந்தது. 1789இல் கூடிய நாட்டின் முதல் நாடாளுமன்றமான காங்கிரஸே, தான் இயற்றும் சட்டங்களைக் குறைந்தது மூன்று பத்திரிகைகளிலாவது வெளியிட வேண்டும் என்று விதித்திருந்தது. மாநிலங்களும் கவுண்டிகளும் அதே தடத்தில் போயின. வரவு செலவுக் கணக்கு, வரி பாக்கிப் பட்டியல், சாலை ஒப்பந்தம் எல்லாம் கட்டணம் கொடுத்து அச்சேறின. கவுண்டியின் ‘அதிகாரபூர்வப் பத்திரிகை’ என்ற பட்டம் கிடைத்தால் சின்னப் பத்திரிகைக்காரருக்கு வருஷம் முழுக்க அடுப்பெரியும். அதற்காக நடந்த அரசியல் பேரங்களையும் சொல்லி மாளாது. ஆளும் கட்சிக்கு வேண்டிய ஆசிரியருக்கே அச்சு வேலை போய்ச் சேரும் என்பது ஊரறிந்த ரகசியம்.

இதன் உச்சத்தை டக்கோட்டா, நெப்ராஸ்கா சமவெளிகளில் பார்க்கலாம். அரசு நிலத்தில் குடியேறி உழுதவர், அதைத் தன் பெயருக்கு எழுதி வாங்கும் முன் தன் உரிமைக் கோரிக்கையைச் சாட்சிகளின் பெயரோடு, நிலத்துக்குப் பக்கத்திலுள்ள பத்திரிகையில் விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1879இல் மத்தியச் சட்டம் வந்தது. நிலம் மத்திய அரசுடையது, அறிவிப்போ உள்ளூர்த் தாளில். அவ்வளவுதான், புல்வெளி நடுவே பலகைக் கொட்டகை போட்டு ஒரு கையச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்தவரெல்லாம் ஆசிரியர் ஆனார். செய்தி இருந்ததோ இல்லையோ, அறிவிப்பு பத்தி பத்தியாக இருந்தது. அந்த வட்டாரத்து நிலமெல்லாம் பட்டா ஆனதும் பல பத்திரிகைகள் கடையைக் கட்டிவிட்டன.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. அறிவிப்பு வெளியானதா என்று கேட்டால் தாளை எடுத்துக் காட்டிவிடலாம். யாராவது படித்தார்களா, படித்தவருக்குப் புரிந்ததா என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. நில அளவை எண்ணும் சட்டச் சொல்லும் நெருக்கியடித்த அந்தப் பொடி எழுத்தை வக்கீல்களும் நில வியாபாரிகளும்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார்கள்.

ஆளை அனுப்பும் வழக்கத்துக்கு வழி வகுத்தது ஒரு வண்டு. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்குள் வந்து, ஆண்டுக்கு ஆண்டு வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. தலைநகர் வாஷிங்டனிலிருந்து அச்சடித்த ஆலோசனைப் பிரசுரங்கள் வந்து குவிந்தன. விவசாயிகள் அவற்றைச் சீண்டவில்லை. மத்திய வேளாண் துறையைச் சேர்ந்த, அப்போது எழுபது வயதை எட்டியிருந்த சீமன் நாப் வேறு வழி பிடித்தார். 1903இல் டெரல் என்ற ஊரில் வால்டர் போர்ட்டர் என்ற விவசாயியின் நிலத்தில் 70 ஏக்கரைத் தேர்ந்தெடுத்தார். பயிரிடுவது போர்ட்டர், நாப் சொன்ன முறைப்படி. நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் முன்பணம் திரட்டி வைத்தார்கள். அந்தப் பணத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஆண்டு முடிவில் போர்ட்டர் கையில் சுமார் 700 டாலர் கூடுதலாக நின்றது. அரசாங்கப் பண்ணையில் விளைந்தால் அது அரசாங்கத்துப் பணம் என்று ஊர் தள்ளிவிட்டிருக்கும். பக்கத்து வயல்காரன் வீட்டு வெள்ளாமையை அப்படித் தள்ள முடியவில்லை. காதால் கேட்டதை மனிதன் சந்தேகிப்பான், கண்ணால் கண்டதைக்கூடச் சந்தேகிக்கலாம், தன் கையால் செய்ததை மட்டும் சந்தேகிக்க மாட்டான் என்பது நாப்பின் கணக்கு.

மூன்று ஆண்டு கழித்து, 1906 நவம்பரில், டெக்சாஸின் ஸ்மித் கவுண்டி தனக்கென்று ஓர் ஆளை வைத்துக்கொண்டது. பெயர் டபிள்யூ. சி. ஸ்டாலிங்ஸ். ஒரே ஒரு கவுண்டிக்கென்று அமர்த்தப்பட்ட முதல் ‘கவுண்டி ஏஜென்ட்’ அவர்தான். சம்பளத்தில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்களுடையது. வடக்கே நியூயார்க் மாநிலத்தின் புரூம் கவுண்டியில் 1911இல் ஜான் பாரன் வேலைக்கு வந்தபோது மத்திய வேளாண் துறை, பிங்ஹாம்டன் வணிகர் சங்கம், ஒரு ரயில்வே கம்பெனி மூன்றும் சேர்ந்து செலவை ஏற்றன. ரயில் கம்பெனிக்கு இதில் என்ன அக்கறை என்று தோன்றும். பண்ணை விளைந்தால்தானே சரக்கு ஏறும்!

அப்பாக்கள் அசையாத இடத்தில் பிள்ளைகளைப் பிடித்தார்கள். தெற்குக் கரோலினாவின் ஐக்கன் கவுண்டியில் மேரி குரோமர் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியை 1910இல் பெண்பிள்ளைகளுக்குத் தக்காளிச் சங்கம் தொடங்கினார். ஆளுக்கு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. பயிரிட்டு, பறித்து, டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். காசு அந்தப் பெண்ணுக்கே. பையன்களுக்கு இதே மாதிரி மக்காச்சோளச் சங்கம் இருந்தது. இவையெல்லாம் சேர்ந்துதான் இன்று அமெரிக்கக் கிராமமெங்கும் தெரிந்த நான்கு இலைச் சின்னத்து ‘ஃபோர்-ஹெச்’ இளைஞர் அமைப்பு ஆயின. பாட்டில், டப்பா கொதிக்கவைக்கும் பதம் சொல்லிக்கொடுக்க வந்த பெண் அலுவலர், போகிறபோக்கில் கிணற்றுத் தண்ணீர், ஈ, காய்ச்சல், குழந்தைக்குப் பால் என்று சுகாதாரத் துறையின் செய்திகளையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போனார். அதே சேதியைச் சுவரொட்டியில் அடித்திருந்தால் அடுப்பங்கரை வரை போயிருக்காது.

எல்லா வாசலுக்கும் கவுண்டி ஏஜென்ட் போனாரா என்றால், இல்லை. இனப் பாகுபாடு கோலோச்சிய தெற்கில் கறுப்பின விவசாயியின் வீட்டுக்கு வெள்ளை அலுவலர் எட்டிப் பார்ப்பது அரிது. அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரும் அதற்குத் தாங்களாகவே விடை தேடினார்கள். மாரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் செல்வந்தரின் கொடையில் 1906இல் ஒரு வண்டி தயாரானது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி, பாடம் நடத்தப் படங்கள் எல்லாம் அதில். அதே ஆண்டு தாமஸ் கேம்ப்பெல் கறுப்பின மக்களுக்கான முதல் வேளாண் விரிவாக்க அலுவலராக அதில் ஏறினார். வண்டி ஒரு பண்ணையில் நிற்கும், அக்கம்பக்கம் கூடும், அந்த வீட்டு வேலியையே சரிசெய்து பாடம் நடக்கும். பிறகு செவிலியரும் வீட்டியல் அலுவலரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். 1918இல் குதிரை போய் மோட்டார் வந்தது.

1914 மே 8 அன்று அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட ஸ்மித்-லீவர் சட்டம் இந்த ஏற்பாட்டை நாடு முழுக்க விரித்தது. மத்திய அரசு, மாநிலத்தின் வேளாண் கல்லூரி, கவுண்டி மூன்றும் செலவைப் பகிர்ந்துகொண்டன. தெற்கு மாநிலங்களில் பணம் வெள்ளையர் கல்லூரிகளின் கைக்கே போனது. கறுப்பின அலுவலர்கள் தனிக் கட்டடத்தில், குறைந்த சம்பளத்தில் வைக்கப்பட்டார்கள். 1964இன் சிவில் உரிமைகள் சட்டத்துக்குப் பிறகும் இது லேசில் மாறவில்லை. அலபாமா விரிவாக்கப் பணியில் பாகுபாடு நடந்தது என்று 1971இல் ஒரு மத்திய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வீடு தேடிப் போகும் முறையில் உள்ள ஆபத்து இது: எந்த வீட்டைத் தேடுவது என்று போகிறவர்தான் முடிவு செய்கிறார். கதவில் ஒட்டிய காகிதம் அந்த ஓரவஞ்சனையைச் செய்யாது.

இந்தக் கதைக்கு நம் பக்கமும் ஒரு கிளை உண்டு. ஹொரஸ் ஹோம்ஸ் என்ற அமெரிக்க விரிவாக்க அலுவலர் 1948இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா முன்னோடித் திட்டத்தில் வேலை செய்ய வந்தார். 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் அந்த அனுபவத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. தமிழ்க் கிராமங்களில் பழைய தலைமுறை ‘கிராம சேவக்’ என்று அழைத்த ஊழியர் அந்தக் கவுண்டி ஏஜென்டுக்கு ஒரு வகையில் தூரத்துச் சொந்தம்.

தொடக்கத்தில் பார்த்த ஹேகர்ஸ்டவுன் புத்தக வண்டிக்குத் திரும்புவோம். அதை ஓட்டியவர் ஜோஷுவா தாமஸ், நூலகக் கட்டடத்தைப் பராமரித்தவர். வண்டி வருவதற்கு முன்பே அந்த நூலகம் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்துப் பார்த்திருந்தது. பெட்டி இருக்குமிடத்துக்கும் வராத பண்ணைக்காரர்களுக்காகத்தான் வண்டி. 1910இல் ஒரு ரயில்வே கிராசிங்கில் சரக்கு ரயில் மோதி அது நொறுங்கியது. இரண்டு ஆண்டு கழித்து மோட்டார் வண்டி வந்து அதே தடத்தில் ஓடியது. நடமாடும் நூலகம் என்று உலகம் முழுக்கப் பிறகு பரவியதற்கு அமெரிக்காவில் இதுவே முன்னோடி.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கேள்வி கொஞ்சம் திரும்பியது. சேவையைச் சொல்கிறீர்கள், சரி. முடிவு எடுக்கும்போது எங்களிடம் சொன்னீர்களா? சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நிருபர் மைக்கேல் ஹாரிஸ் 1952இல் உள்ளாட்சிக் குழுக்களின் ரகசியக் கூட்டங்களைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். மறு ஆண்டே கலிபோர்னியாவில் ‘பிரவுன் சட்டம்’ வந்தது. கவுண்டிக் குழுக்கள் கதவைத் திறந்து வைத்துத்தான் கூட வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும் என்பது பின்னால் சேர்ந்த திருத்தம். மறுபடி ஒட்டுவதுதான், ஆனால் இம்முறை குடிமகன் எழுந்து பேச நேரமும் கொடுத்து.

பத்திரிகை அறிவிப்புக்குத்தான் இப்போது போதாத காலம். கவுண்டிக்கு ஒன்றாக இருந்த உள்ளூர்த் தாள்கள் வரிசையாக மூடப்பட்டன. 2022இல் புளோரிடா சட்டமன்றம், சட்ட அறிவிப்புகளைப் பத்திரிகைக்குப் பதில் கவுண்டியின் இணையதளத்திலேயே போடலாம் என்று அனுமதித்தது. கவுண்டிக்குச் செலவு மிச்சம். ஆனால் அறிவிப்பைத் தேடிப் போகிறவர் மட்டுமே அதைப் பார்ப்பார். நெடுநாளைய சங்கடம் திரை மாறி வந்திருக்கிறது.

அது வெறும் சங்கடமாக நின்றுவிடாத ஓர் இரவும் உண்டு. 2017 அக்டோபரில் கலிபோர்னியாவின் சொனோமா கவுண்டிக்குள் டப்ஸ் காட்டுத்தீ புகுந்தது. பதிவு செய்து வைத்திருந்தவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை போயிற்று. பதிவு செய்தவர்களோ சிறு பகுதியினர். எல்லாக் கைபேசியையும் ஒரே நேரத்தில் அலற வைக்கும் வசதியும் இருந்தது. கவுண்டி முழுவதும் அலறினால் ஜனம் பீதியடைந்து சாலைகளை அடைத்துவிடும் என்று பயந்து அதிகாரிகள் அதைத் தொடவில்லை. தீயில் 22 பேர் இறந்தார்கள். மாநில அரசின் ஆய்வு அந்த முடிவைக் கடுமையாகக் குறை சொன்னது. அன்றிரவு பலர் பிழைத்ததற்குக் காரணம், ஷெரிஃபின் ஆட்கள் தெருத் தெருவாகப் போய்க் கதவைத் தட்டியதும், அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் எழுப்பியதும்தான்.

அதன் பிறகு சொனோமா தன் எச்சரிக்கை முறையை மாற்றியமைத்தது. பதிவு செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆபத்துப் பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிக்கும் செய்தி அனுப்பும் ஒத்திகைகள் நடந்தன. காவல் வண்டிகளில் ஏறி இறங்கி ஒலிக்கும் ‘ஹை-லோ’ சைரனை, ஊரைக் காலி செய்யச் சொல்லும் அடையாளமாகப் பயன்படுத்த 2020இல் மாநிலச் சட்டம் அனுமதித்தது. எந்தச் சாலை வழியே வெளியேறுவது என்பதை அந்தச் சைரன் சொல்லாது. அதற்கு இன்னும் ஒருவர் வண்டியை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது.