வேதாளையில் சிந்திய இரத்தம்

பிப்ரவரித் திங்கள் பிறந்துவிட்டால் நம் கடலோரப் பங்குகளிலிருந்து மக்கள் ஓரியூரை நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றனர். திருத்தலத்தில் செபித்து, செம்மண்ணில் ஒரு பிடி அள்ளி முடிந்துகொண்டு வீடு திரும்புகின்றனர். 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதனன்று, புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட இடம் அது. அதே இராமநாதபுரம் சீமையில், உச்சிப்புளியைக் கடந்து மண்டபம் செல்லும் வழியில், கடலை ஒட்டி வேதாளை என்றொரு சிற்றூர் உண்டு. ஓரியூருக்கு 144 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கும் ஒரு குருவின் இரத்தம் சிந்தியது. அவருடைய பெயரைக் கேட்டால் நம் மறைக்கல்வி மாணவர் மட்டுமல்லர், ஆசிரியரும் விழிக்கின்றனர்.

அவர் பெயர் அந்தோணி கிரிமினாலி. இத்தாலியில் பார்மா நகரை அடுத்த சீசா என்னும் ஊரில் 1520இல் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து, 1545இல் கோவா வந்தடைந்தார். புனித சவேரியார் முத்துக்குளித்துறைப் பணியின் பொறுப்பை இவரிடமே ஒப்படைத்தார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற பரவர் குல மக்களின் ஊர்களுக்குக் கடலோர மணலில் நடந்து நடந்து சென்று பணிபுரிந்தார்.

வேதாளை அந்நாளில் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரின் பாதையில் இருந்தது. அங்கே நிலைகொண்டிருந்த போர்த்துக்கீசியப் படையினர் வழியை மறித்து அகழி வெட்டி, யாத்திரிகரிடம் சுங்கம் வாங்கினர். தன் தெய்வத்தைத் தேடி நெடுந்தொலைவு நடந்து வந்த ஏழையிடம், கிறிஸ்துவின் பெயரைத் தாங்கியவர்கள் காசு கேட்டனர். இக்கொடுமையை நாம் மறைத்தல் கூடாது. அதன் விளைவாகவே 1549இல் விஜயநகர அரசைச் சேர்ந்த வடுகர் படை வேதாளைமீது பாய்ந்தது. காவலிருந்த போர்த்துக்கீசியர் சிலரே. எதிர்த்து நிற்க இயலாமல் படகுகளை நாடி ஓடினர். கிரிமினாலியும் ஏறியிருக்கலாம். அவர் ஏறவில்லை. கரையில் பதறி நின்ற பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றி அனுப்புவதிலேயே நின்றுவிட்டார். ஈட்டிகள் அவர் உடலில் பாய்ந்தன. பின்னர் தலையும் வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 29. இயேசு சபை உலகிற்கு அளித்த முதல் இரத்தசாட்சி என்று அச்சபையினர் இவரைப் போற்றுவர்.

எனினும் திருச்சபை இவரைப் பீடத்திற்கு உயர்த்தவில்லை. அருளானந்தரோ 1853இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1947இல் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். ஏன் இந்த வேறுபாடு? மறைசாட்சி எனப்படுபவர் விசுவாசத்தின்மீது கொண்ட பகையால் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது நம் மரபு. வேதாளைக்கு வந்த படையைத் தூண்டியதோ சுங்கக் காசு. குருவானவர் பிறர் செய்த பாவத்தின் விலையைச் செலுத்தினார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அருளானந்தரின் வழக்கிலும் இழை அத்துணை நேரானதன்று. மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் நோயினின்று நலம் பெற்றுத் திருமுழுக்கு வேண்டியபோது, முதல் மனைவி நீங்கலாக ஏனைய மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவுப்பெண், அவர் முறையிட்டார், அருளானந்தர் சிறைப்பட்டார். திருமண ஒழுக்கத்துக்காகத் தலையீந்த திருமுழுக்கு யோவானை நாம் இங்கு நினைக்கிறோம், நினைப்பது முறையே. ஆனால் தான் அறியாத ஒரு சட்டத்தால் ஒரே நாளில் வாழ்விழந்த அப்பெண்ணின் கண்ணீரையும் கடவுள் கண்டார் அல்லவா? சாட்சியின் ஒளி எவ்வளவு பெரிதாயினும், அதன் அருகே நிற்கும் மனிதரின் துயரை அது மறைத்துவிடலாகாது.

விசுவாசம் மட்டுமல்ல, கடவுளை முன்னிட்டுச் செய்யப்படும் எந்த நற்செயலும் மறைசாட்சியத்துக்குக் காரணமாகலாம் என்று புனித தோமா அக்குவினார் கற்பித்தார். 1941இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் மற்றொருவருக்குப் பதிலாகச் சாவை ஏற்ற மாக்சிமிலியன் கோல்பேயை, 1982இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மறைசாட்சி என்றே அறிவித்தார். 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், பிறரன்பின் பொருட்டுத் தம் உயிரையே காணிக்கையாக்கியவர்களுக்குப் புனிதர் நிலை செல்லத் தனியொரு வழியைத் திறந்துவைத்தார். வேதாளைக் கரையில் நின்ற இளங்குருவை இவ்வொளியில் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

இனி, இறுதித் தீர்ப்பை எண்ணிப் பார்ப்போம். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் அரசர் கேட்கும் கேள்விகள் பசி, தாகம், அந்நியன், ஆடை, நோய், சிறை என்பவை பற்றியவையே. அந்த அரியணையின் முன் வேதாளை மக்கள் அனைவரும் நிற்பர். சுங்கம் வாங்கிய படைவீரனிடம், 'நீ திருமுழுக்குப் பெற்றவனா?' என்பதோடு விசாரணை முடிந்துவிடாது. வழியில் வந்த அந்நியனை அவன் என்ன செய்தான் என்று கேட்கப்படும். அந்த அந்நியனாக நின்றவர் இராமேசுவரத்துக்கு நடந்த யாத்திரிகர். ஆண்டவர் அன்று அந்த யாத்திரிகரின் பக்கத்திலிருந்து பேசுவார் என்பதே நற்செய்தியின் அச்சமூட்டும் உண்மை. கிரிமினாலிக்கோ, படகேறிப் பிழைத்த குழந்தைகளே சாட்சி சொல்வர்.

மீட்பு இறைவனின் கொடை. நம் புண்ணியத்தால் வாங்கும் பொருள் அன்று. ஆயினும் கொடையைப் பெற்றவனின் கை திறந்திருக்க வேண்டும். மூடிய கையில் எதை வைப்பது? ஒரே நாளில், ஒரே ஊரில், ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுள் சிலர் ஓடினர், ஒருவர் நின்றார். நாம் ஓரியூர் மண்ணை நெற்றியில் இடுகிறோம். நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் யாருடைய வழியை மறித்து என்ன சுங்கம் வாங்குகிறோம் என்று எண்ணுகிறோமா?

அடுத்தமுறை இராமேசுவரம் சாலையில் செல்லும்போது வேதாளை விலக்கில் சற்றே நின்று செபிப்போம்: கிரிமினாலிக்காக மட்டுமல்ல, அன்று சுங்கம் கொடுத்த, பெயர் அறியாத அந்த யாத்திரிகருக்காகவும்.