எதிர்நாடகமும் ரசிகர் கேமும்: சிவிக் சந்திரன் தீர்ப்பை மறுவாசிப்புச் செய்தல்

ரசிகர்கள் லாப நோக்கின்றி ஆக்கும் வீடியோ கேம்களுக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் புகலிடம் உண்டு என்று ஒரு சாரார் எழுதி வருகின்றனர். அவர்களுக்குப் பெரும் ஆதாரம், கேரள உயர் நீதிமன்றம் 1996-இல் வழங்கிய சிவிக் சந்திரன் எதிர் அம்மிணியம்மா தீர்ப்பு. பிறருடைய பாத்திரங்களை எடுத்தாண்டாலும் புதியதொன்றைப் படைத்துவிட்டால் அது நியாயமான கையாளுகை ஆகிவிடும் என்று அத்தீர்ப்பை அவர்கள் வாசிக்கின்றனர். தீர்ப்பில் அதற்கு இடமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகம் 1952-இல் கே.பி.ஏ.சி. குழுவினரால் மேடையேறியது. பல்லாண்டுகள் கழித்து சிவிக் சந்திரன் அதற்கு ஓர் எதிர்நாடகம் எழுதினார். மூலத்தின் பாத்திரங்களும் உரையாடல்களும் அதில் தாராளமாக இடம்பெற்றன. பாசியின் வாரிசுகள் வழக்குத் தொடுத்தனர். எதிர்நாடகத்துக்கு உயர் நீதிமன்றம் வழிவிட்டது. பாத்திரங்களை எடுத்தாண்டும் தப்பித்த வழக்கு என்பதால் கேம் ஆக்குவோரின் தரப்பு இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

ஆனால் நீதிமன்றம் தப்பவிட்டது எதனால்? அது மூன்று அளவுகோல்களை வைத்தது. எடுத்தாண்ட பகுதியின் அளவும் மதிப்பும் முதலாவது; எடுத்தாண்ட நோக்கம் இரண்டாவது; இரு படைப்புகளும் ஒன்றோடொன்று போட்டியிடும் வாய்ப்பு மூன்றாவது. முதல் அளவுகோலைக் கவனித்து வாசிக்க வேண்டும். எடுத்தாண்ட அளவு எதனோடு ஒப்பிட்டு நிறுக்கப்படுகிறது என்றால், விமர்சனத்தோடும் கருத்துரையோடும்தான். புதுமையோடு அன்று. மூல நாடகம் முன்வைத்த அரசியலைக் கேள்வி கேட்க வேண்டுமானால் அந்த நாடகத்தின் மாந்தர்களையே மேடைக்கு இழுத்து வந்தாக வேண்டும். அந்தத் தேவைதான் அவ்வளவு எடுத்தாள்கையையும் நியாயப்படுத்தியது. சட்டத்தின் 52(1)(அ) பிரிவும் விமர்சனம், மதிப்புரை, நடப்புச் செய்தி, சொந்தப் பயன்பாடு என்று நோக்கங்களை எண்ணிச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் பாராட்டு இல்லை.

ரசிகர் கேம் மூலத்தோடு சண்டை போடுவதில்லை. பாத்திரத்தின் நடை, உடை, ஆயுதம், பின்னணி இசை எல்லாம் அச்சு அசலாக அமைவதே அதன் பெருமை. ஆகவே சிவிக் சந்திரன் தீர்ப்பைக் கறாராகப் பொருத்தினால் விபரீதமான ஒரு முடிவே கிடைக்கிறது: ஒரு நாயகனைக் கிண்டலடித்துக் கிழிக்கும் கேமுக்கு ஓரளவு பாதுகாப்பு, அதே நாயகனைக் கொண்டாடும் கேமுக்கு ஒன்றுமில்லை. இது நல்ல கொள்கையா என்பது வேறு கேள்வி. தீர்ப்பு அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாம் அளவுகோலும் ரசிகருக்குச் சாதகமாக இல்லை. எதிர்நாடகம் பார்த்தவர் மூல நாடகத்தை இனிப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிடப் போவதில்லை. கேமின் கதை அப்படியன்று. 1991-இல் நிண்டெண்டோ வெளியிட்ட இரண்டாம் ‘மெட்ராய்ட்’ கேமை ரசிகர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் புதுப்பித்து, 2016 ஆகஸ்ட்டில் இலவசமாக வெளியிட்டார். சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் புகாரால் பதிவிறக்கம் நின்றது. 2017 செப்டம்பரில் அதே கேமின் மறுவாக்கத்தை நிண்டெண்டோவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. காசு வாங்காத கேமும் காசு கொடுத்து வாங்கும் கேமோடு போட்டியிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தமிழிலும் 2014-இல் ‘கோச்சடையான்’ படத்தையொட்டி அதிகாரபூர்வ மொபைல் கேம் வந்தது. படத்தின் உரிமையில் கேமும் ஒரு பங்கு என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போடும் காலம் இது.

இரண்டு சட்ட வாசகங்களை எதிர்த்தரப்பு உரிய அளவில் கவனிக்கவில்லை. 2012 திருத்தத்துக்குப் பின் 52(1)(அ) எல்லாப் படைப்புகளுக்கும் பொருந்தும். ஆனால் கணினி நிரலுக்குப் பொருந்தாது என்று அதே வரியில் விலக்கு இருக்கிறது. பழைய கேமின் நிரலைப் பிரித்து, அதன் மேலேயே கட்டப்படும் ரசிகர் கேம் இந்த வாசலுக்குள்ளேயே நுழைய முடியாது. அடுத்தது 63-ஆம் பிரிவு. தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வணிக லாபத்துக்காகச் செய்யாத மீறலானால் நீதிமன்றம் காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்கலாம் என்கிறது அதன் காப்புவாசகம். லாபமின்மை தண்டனையைக் குறைக்கும் காரணம்தான், குற்றத்தை இல்லாமலாக்கும் காரணமன்று என்பதற்கு இந்த வாசகமே சாட்சி. இக்குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று நிட் புரோ வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

மறுப்புகள் சில உண்டு. பாத்திரத்துக்கெனத் தனி உரிமை சட்டத்தில் இல்லையே என்பர். ‘நாகராஜ்’ சித்திரக்கதை வழக்கில் (1997) டெல்லி உயர் நீதிமன்றம் ‘நாகேஷ்’ என்ற சாயல் பாத்திரத்துக்குத் தடை விதித்தது. 2016-இல் சுல்புல் பாண்டே வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தனித்தன்மையுள்ள பாத்திரத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்று ஏற்றது. எதிர்த்தரப்புப் படத்தை மட்டும் தடுக்கவில்லை. ‘மாற்றியமைத்த பயன்பாடு’ என்ற கருத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2008-இல் ஏற்றதே என்பர். அது கணிதப் பாடநூலின் வழிகாட்டி நூல் பற்றியது. கதைமாந்தருக்கு அதை நீட்டுவது தாராளம். உரிமையாளர்கள் கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்ற வாதம் இன்னும் பலவீனமானது. ரசிகர் வட்டத்திலிருந்து வந்த ஒருவரை ‘சோனிக் மேனியா’ (2017) ஆக்கச் சேர்த்துக்கொண்ட அதே சேகா நிறுவனம்தான் 2011-இல் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்’ ரசிகர் மறுவாக்கத்தை நிறுத்தியது. கேரளத் தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்தின் முகமும் பெயரும் கேமுக்குள் வந்தால் பதிப்புரிமையைத் தாண்டி ஆளுமை உரிமையும் குறுக்கிடும். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் காட்டியது.

தமிழ்நாட்டில் அபிமானிக்கு நிவாரணம் வந்த வழி வேறு. பாரதி பாடலை ‘பில்ஹணன்’ (1948) படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பயன்படுத்தியபோது, அப்பாடல்களின் உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பன் ஆட்சேபித்தார், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. முடிவில் சிக்கலை அவிழ்த்தது விதிவிலக்கு வாசகம் எதுவுமன்று. 1949-இல் அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியதுதான். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மரக்காணத்துக்கு மேற்கே, திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியார்.

அந்த மரக்காணத்தையே ஒருவர் கேமாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாத்தியில் கட்டிய உப்புநீர் வெயிலில் சுண்டி, விளிம்பில் வெள்ளை பூப்பதும், பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பதும், மழைக்கு முன் குவியலை மூடுவதும் யாருக்கும் தனிச் சொத்தல்ல. கருவுக்கும் கதைக்களத்துக்கும் பதிப்புரிமை இல்லை என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மரக்காணம் என்று பலரும் கருதும் எயிற்பட்டினத்துக்குச் சிறுபாணாற்றுப்படை வழிகாட்டுகிறது; அங்கே பாணருக்குக் கிடைக்கும் சுட்ட குழல்மீனையும் நுளைமகள் வடித்த தேறலையும் ஆட்டத்தில் சேகரிக்கும் பொருளாக்கலாம். அந்நூலின் பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனை நாயகனாக்கலாம். யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் வந்தியத்தேவனும் அப்படித்தான், ஆனால் பாதி மட்டும். கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. அவர் 1954-இல் மறைந்தவர் என்பதால் 60 ஆண்டுக் காலமும் எப்படியும் முடிந்துவிட்டது. ஆனால் வாசகர் மனத்திலுள்ள வந்தியத்தேவனின் முகம் ஓவியர் மணியம் வரைந்தது. மணியம் மறைந்தது 1968-இல். அந்த ஓவியங்களின் உரிமை யாரிடம் இருந்தாலும் 2028 டிசம்பர் 31 வரை உயிரோடிருக்கும். 2022-இல் வந்த திரைப்படத்தின் உடை, தோற்றங்களுக்கோ அதைவிட நெடுங்காலம் உண்டு. கல்கியின் சொல்லிலிருந்து புதிதாக வரைபவருக்கு ஆபத்தில்லை. மணியத்தையோ படத்தையோ பார்த்து வரைபவருக்கு உண்டு.

ரசிகர் கேமுக்கு விலக்கு வேண்டுமானால் 52-ஆம் பிரிவில் நாடாளுமன்றம்தான் அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை எழுத்து மூலம் பெற்ற உரிமமோ நாட்டுடைமையான பிரதியோ கையில் இல்லாத ரசிகருக்கு, சிவிக் சந்திரன் தீர்ப்பைக் கேடயமாகக் காட்டி ஆய்வாளர்கள் தைரியம் சொல்லக் கூடாது.