பிளே ஸ்கூலில் விஆர்: உங்கள் 4 வயதுக் குழந்தைக்குத் தேவையா?

பொம்மனஹள்ளி பக்கம் குழந்தைக்கு பிளே ஸ்கூல் தேடிக்கிட்டு இருக்கீங்களா? 'எங்ககிட்ட விஆர், ஏஆர் எல்லாம் இருக்கு' என்று ஒரு பள்ளி சொன்னால், கூடுதல் கட்டணத்துக்குத் தலையாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டும் ஒன்றா?

இல்லை. விஆர் ஹெட்செட் கண்ணை முழுசா மூடிவிடும். குழந்தைக்கு வகுப்பறை தெரியாது, திரை காட்டும் உலகம் மட்டும்தான் தெரியும். ஏஆரில் வகுப்பறை அப்படியே இருக்கும். டேப்லெட் கேமரா வழியாகப் பார்த்தால் மேசை மேல் ஒரு புலி நிற்கும். பெங்களூருவின் பிளேஷிஃபு நிறுவனம் தயாரிக்கும் 'ஆர்பூட்' உலக உருண்டை இந்த வகைதான். உருண்டையில் நாடுகளின் பெயர் இருக்காது. டேப்லெட்டைக் காட்டினால் அந்தந்தப் பகுதியின் விலங்குகளும் கட்டடங்களும் எழுந்து வரும்.

ஹெட்செட் போட எத்தனை வயது ஆகணும்?

தயாரிப்பாளர்களே சொல்லும் குறைந்தபட்ச வயது இது:

• மெட்டா குவெஸ்ட்: 10 (2023 வரை 13)
• சோனி பிளேஸ்டேஷன் விஆர்2: 12
• ஆப்பிள் விஷன் புரோ: 13

எல்கேஜி வயது எதிலும் இல்லை. குவெஸ்ட் 2 மாடலின் எடை 503 கிராம். அதன் லென்ஸ்களுக்கு இடையே குறைந்தது 58 மி.மீ. இடைவெளி. 4 வயதுக் குழந்தையின் கண்மணிகளுக்கு இடையே அவ்வளவு தூரம் இருப்பதில்லை.

நிஜம் எது, கற்பனை எது?

2009-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், திமிங்கலங்களோடு தாங்களே நீந்துவது போன்ற காட்சியைச் சிறுவர்கள் விஆரில் பார்த்தார்கள். கதையாக மட்டும் கேட்ட தொடக்கப்பள்ளிக் குழந்தைகளைவிட, விஆரில் பார்த்தவர்கள் அது உண்மையிலேயே நடந்ததாக அதிகம் நம்பினார்கள். அவர்களைவிடச் சின்னக் குழந்தைகள், எந்த வழியில் சொன்னாலும் ஒரே அளவுக்கு நம்பினார்கள்.

அப்போ ஏஆர் ஓகேவா?

அளவோடு, பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்து பேசினால் பயன் உண்டு. ஆனால் டேப்லெட்டும் திரைதான். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீட்டில் பார்க்கும் கார்ட்டூனும் இந்தக் கணக்கில் சேரும். 3 முதல் 8 வயதினருக்காக 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஜாதுயி பிட்டாரா' பெட்டியில் இருப்பவை பொம்மைகள், புதிர்கள், கதைப் புத்தகங்கள்.

அட்மிஷனுக்கு முன் கேளுங்க

• ஹெட்செட்டா, டேப்லெட்டா?
• ஒரு தடவைக்கு எத்தனை நிமிடம்? வாரத்துக்கு எத்தனை தடவை?
• ஒரு ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள்?
• வேண்டாம் என்றால் கட்டணம் குறையுமா?
• ஓடி விளையாட மண் தரை இருக்கா?